ஒரே உறையில் இரண்டு வாள்கள்

ஓர் உறையில் இரண்டு வாள்கள் தங்காது என்பார்கள். கணினி உலகில் அந்தப் பழமொழி பொய்த்துப் போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் குடியிருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம்.

சில விநாடிகளே தோன்றி மறையும் இந்தப் பட்டியலுக்காக நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்துள்ளன. ஒரு நிறுவனம் தனது வீழ்ச்சிக்கே இந்தப் பட்டியல் மறுக்கப்பட்டதுதான் காரணம் என்று குற்றம் சாட்டியது. கணினிக்குக் காசு கொடுத்தவர் பயனீட்டாளர். ஆனால், அதை இயக்கியதும் முதலில் எழுந்து வருவது எது என்பதை முடிவு செய்பவர் யார்? இரட்டை இயங்குதளங்களின் வரலாறு இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது எனலாம்.

தட்டை மாற்றினால் தளம் மாறும்

ஐபிஎம் நிறுவனம் தனது முதல் தனிநபர் கணினியை 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி அறிவித்தது. அந்தக் கணினிக்கு ஒன்றல்ல, மூன்று இயங்குதளங்கள் அறிவிக்கப்பட்டன. மைக்ரோசாப்ட்டிடமிருந்து பெற்ற பிசி டாஸ், டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் சிபி/எம்-86, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான பி-சிஸ்டம் ஆகியவையே அந்த மூன்று. பிசி டாஸ் 40 டாலருக்கும் சிபி/எம்-86 240 டாலருக்கும் விற்கப்பட்டன. இந்த விலை வேறுபாட்டால் போட்டியின் முடிவு பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தக் கணினியில் வன்தட்டு கிடையாது. எந்த நெகிழ்தட்டைச் செருகிக் கணினியை இயக்குகிறோமோ அந்தத் தளம் எழுந்து வரும். தட்டை உருவி வேறொன்றைச் செருகினால் தளமும் மாறிவிடும். இரண்டு தளங்களுக்கும் இடையே சண்டை வர வழியே இல்லை. இரண்டும் வேறு வேறு தட்டுகளில் இருந்தன.

1983ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அந்த இடம் போதாது. அன்றோ அது பெரிய கிடங்கு. ஒரே கிடங்கில் இரண்டு முதலாளிகள் சரக்கு வைக்க வேண்டுமானால் நடுவில் சுவர் எழுப்ப வேண்டும். பிசி டாஸ் 2.0 அந்தச் சுவரைக் கொண்டு வந்தது. வன்தட்டை நான்கு பகுதிகள் வரை பிரிக்கலாம். அவற்றுள் ஒன்றை மட்டும் 'இயங்கும் பகுதி' என்று குறிக்கலாம். அதாவது, ஒரே கணினியில் வேறு தளங்களும் இருக்கக்கூடும் என்பது அன்றே எதிர்பார்க்கப்பட்டது.

512 பைட்டில் ஓர் அரியணை

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி வன்தட்டின் முதல் துண்டில் இருந்தது. மாஸ்டர் பூட் ரெக்கார்ட் எனப்படும் அந்தத் துண்டின் அளவு 512 பைட் மட்டுமே. அதில் 64 பைட் நான்கு பகுதிகளின் எல்லைகளைக் குறிக்கும் அட்டவணைக்குப் போய்விடும். கடைசி 2 பைட் அடையாளக் குறி. மிஞ்சுவது 446 பைட்தான். அந்தச் சிறிய இடத்தில் அடங்கும் நிரல்தான் எந்தத் தளத்தை எழுப்புவது என்று முடிவு செய்யும்.

கணினிக்கு மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் இந்த முதல் துண்டைப் படித்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். ஆகவே அந்த 446 பைட்டைக் கைப்பற்றியவரே கணினியைக் கைப்பற்றியவர். பின்னாளில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது.

தொடக்கத்தில் பெரிய நிறுவனங்களே தேர்வுப் பட்டியலை அளித்தன. ஐபிஎம் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட ஓஎஸ்/2 2.0 தளத்துடன் 'பூட் மேனேஜர்' என்ற தேர்வு நிரலும் வந்தது. மைக்ரோசாப்ட் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் என்டியிலும் பட்டியல் உண்டு. புதிய தளத்தை நம்பிப் பழைய டாசைக் கைவிட வாடிக்கையாளர்கள் தயங்கினர். அவர்களின் அச்சத்தைப் போக்க அந்தப் பட்டியல் உதவியது.

ஹெல்சிங்கி மாணவரின் கைத்தவறு

1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 386 கணினியில் மினிக்ஸ் என்ற தளத்தை வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு கெர்னலை எழுதி வந்தார். ஒரே வன்தட்டில் மினிக்சும் இருந்தது. பிற்காலத்தில் லினக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் குழந்தையும் வளர்ந்தது.

ஒரு நாள், பல்கலைக்கழகத்தைத் தொலைபேசி வழி தொடர்புகொள்ள மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையை அவர் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பாழானது. மினிக்சை மீண்டும் நிறுவுவதற்குப் பதிலாக, லினக்சையே முழுமையாக நம்பி வேலை செய்யும் அளவுக்கு உயர்த்துவது என்று அவர் முடிவெடுத்தார். ஒரு தளம் அழிந்த இடத்தில் மற்றொன்று தன் காலில் நின்றது.

ஆனால், லினக்சைப் பயன்படுத்த விரும்பிய மற்றவர்களின் நிலை வேறு. அலுவலக வேலைக்கும் விளையாட்டுகளுக்கும் அவர்களுக்கு டாசோ விண்டோசோ தேவைப்பட்டது. இரண்டையும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வழிகாட்டியது வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ என்ற துவக்கி. கெர்னல் வன்தட்டில் எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்பதை லைலோ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றிவிட்டு லைலோவை மீண்டும் ஓட்ட மறந்தால் கணினி எழாது. திரையில் 'லைலோ' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஓரிரு எழுத்துகளோடு எல்லாம் நின்றுவிடும். எத்தனை எழுத்து தோன்றியது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தார்கள்.

இந்தக் குறையைத் தீர்த்தது கிரப். 1995ஆம் ஆண்டு எரிக் போலின் தொடங்கிய இந்தத் துவக்கி, வன்தட்டின் கோப்பு அமைப்பையே நேரடியாகப் படிக்கக் கற்றிருந்தது. கெர்னலை இடம் மாற்றினாலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். 1999ஆம் ஆண்டு அது க்னூ திட்டத்தின் பகுதியானது. இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் முதலில் தோன்றுவது அதன் புதிய வடிவமே.

அந்நாளில் கணினி ஆர்வலர்களிடையே எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். லினக்சின் துவக்கி விண்டோசுக்கும் பட்டியலில் இடம் கொடுக்கும். விண்டோசை இரண்டாவதாக நிறுவினால், அது அந்த 446 பைட்டில் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸ் அழியாவிட்டாலும் அதற்குப் போகும் வாசல் அடைபட்டுவிடும்.

வாசலில் நிறுத்தப்பட்ட விருந்தாளி

ஆப்பிள் நிறுவனத்தின் முன்னாள் உயர் அதிகாரி ஜான் லூயி காசே தொடங்கிய பி இன்க் நிறுவனம், பிஓஎஸ் என்ற தளத்தை உருவாக்கியது. ஒலி, ஒளிக் கோப்புகளைக் கையாளும் வேகத்துக்காக அது பாராட்டப்பட்டது. 1998ஆம் ஆண்டு சாதாரண இன்டெல் கணினிகளுக்கும் அது வந்தது. விண்டோசை நீக்கும்படி பி இன்க் கேட்கவில்லை. விண்டோசுக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றது. கணினியை முதன்முறை இயக்கும்போதே பிஓஎஸ் பயனீட்டாளரின் கண்ணில் படும்படி வைக்கும் தயாரிப்பாளருக்கு அதை இலவசமாகவே தருவதாக 1999இல் காசே அறிவித்தார்.

இலவசம் என்றும் வரிசை நிற்கவில்லை. ஜப்பானின் ஹிட்டாச்சி சில கணினிகளில் பிஓஎஸ் தளத்தைச் சேர்த்து விற்றது. ஆனால் கணினியை இயக்கினால் தேர்வுப் பட்டியல் தோன்றவில்லை. மைக்ரோசாப்ட் கணினித் தயாரிப்பாளர்களுடன் செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்று பி இன்க் குற்றம் சாட்டியது. விருந்தாளி வீட்டுக்குள் இருந்தான். அவன் இருப்பதை வீட்டுக்காரரிடம் சொல்ல யாருக்கும் அனுமதியில்லை என்பதுதான் அதன் வாதம்.

2001ஆம் ஆண்டு பி இன்க்கின் தொழில்நுட்பச் சொத்துகளை பாம் நிறுவனம் வாங்கியது. 2002 பிப்ரவரியில் பி இன்க் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2003 செப்டம்பரில் 23.25 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. மைக்ரோசாப்ட் எந்தத் தவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதற்கிடையே அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் 1998 மே மாதம் மைக்ரோசாப்ட் மீது தொடுத்த பெரிய வழக்கு 2002 நவம்பரில் இறுதித் தீர்ப்பைக் கண்டது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே வேறு தளத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பயனீட்டாளர்களுக்கு அளிக்கும் தயாரிப்பாளர்களை மைக்ரோசாப்ட் தடுக்கக்கூடாது என்று அந்தத் தீர்ப்பில் தனியாகவே எழுதப்பட்டது. சில விநாடிகள் தோன்றும் பட்டியலுக்கு நீதிமன்றம் அளித்த மதிப்பு அது. ஆனால் தீர்ப்பு வந்தபோது பிஓஎஸ் சந்தையில் இல்லை.

கொடுத்ததும் எடுத்ததும்

ஆப்பிள் நிறுவனம் 2006 ஜனவரியில் இன்டெல் சில்லுக் கணினிகளை வெளியிட்டது. அவற்றில் விண்டோஸ் எக்ஸ்பியை ஓட வைப்பவருக்கு ஆர்வலர்கள் பணம் திரட்டிப் பரிசு அறிவித்தனர். மார்ச் மாதத்திலேயே பரிசு வெல்லப்பட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி ஆப்பிளே 'பூட் கேம்ப்' என்ற நிரலை வெளியிட்டு வாசலைத் திறந்துவிட்டது. விண்டோசை விட மனமில்லாதவர்களும் ஆப்பிள் கணினியை வாங்கத் துணிந்தார்கள். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறியபோது, அந்தக் கணினிகளில் பூட் கேம்ப் இல்லாமல் போனது.

சோனியின் கதை இன்னும் கசப்பானது. 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியில் லினக்சை நிறுவிக்கொள்ளலாம் என்று சோனி அனுமதித்திருந்தது. 2010 ஏப்ரலில் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஒரு புதுப்பிப்பின் மூலம் அந்த வசதியை நீக்கியது. காசு கொடுத்து வாங்கிய வசதியை வீட்டுக்குள் வந்து எடுத்துப் போகலாமா என்ற கேள்வியுடன் பயனீட்டாளர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். பல ஆண்டுகளுக்குப் பிறகு அது சமரசத்தில் முடிந்தது.

பூட்டு யாருடையது, சாவி யாரிடம்?

பயோசுக்குப் பதிலாக இன்று யூஇஎஃப்ஐ என்ற அமைப்பு வந்துவிட்டது. 446 பைட் நெருக்கடி தீர்ந்தது. ஒவ்வொரு தளமும் தன் துவக்கியைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது 'செக்யூர் பூட்' என்ற பூட்டும் சேர்ந்து வந்தது. நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே கணினி எழுப்பும். பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாப்ட்டின் சாவியே பதிக்கப்பட்டிருந்தது.

இந்தப் பூட்டுக்கு நியாயமான காரணம் உண்டு. இயங்குதளம் விழிப்பதற்கு முன்பே நுழைந்துவிடும் தீய நிரலை எந்த நச்சுநிரல் தடுப்பானாலும் எளிதில் பிடிக்க முடியாது. 2020இல் கிரப் துவக்கியிலேயே பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த அச்சம் வீணானதல்ல என்பதைக் காட்டியது. எனினும், வேறு தளம் வேண்டுவோர் மைக்ரோசாப்ட்டிடம் கையொப்பம் கேட்டு நிற்க வேண்டுமா என்ற எதிர்ப்பும் எழுந்தது. இறுதியில், மைக்ரோசாப்ட்டின் கையொப்பம் பெற்ற 'ஷிம்' என்ற சிறு நிரலின் துணையோடு முன்னணி லினக்ஸ் தொகுப்புகள் உள்ளே நுழைந்தன.

அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பதை 2024 ஆகஸ்ட் மாதம் காட்டியது. மைக்ரோசாப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று பழைய துவக்கிகளைத் தடை செய்தது. இரட்டைத் தளக் கணினிகளை அது தொடக்கூடாது என்பதே திட்டம். ஆனால், அவற்றுள் பலவற்றை அது அடையாளம் காணத் தவறியது. பலரது லினக்ஸ் எழ மறுத்தது. அடுத்த மாதப் புதுப்பிப்பில் அந்தத் தடை சேர்க்கப்படவில்லை.

தெரிந்து செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இல்லாத பழைய கணினிகளை வைத்திருப்போர் பலர், லினக்சையும் சேர்த்து நிறுவிப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். வரலாறு அவர்களுக்குச் சில பாடங்களை விட்டுச் சென்றிருக்கிறது.

முதலாவது, கோப்புகளை வெளித்தட்டில் படியெடுக்காமல் வன்தட்டைப் பிரிக்கக் கூடாது. டோர்வால்ட்சுக்கே கைத்தவறியது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, விண்டோஸ் வன்தட்டைப் பூட்டி வைத்திருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். மூன்றாவது, விண்டோசின் 'விரைவுத் தொடக்கம்' வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இருக்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அந்த நிலையில் லினக்ஸ் அதே பகுதியில் எழுதினால் கோப்புகள் கெடலாம்.

கடிகாரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. கணினியின் உள்கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். மலேசியாவும் சிங்கப்பூரும் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கின்றன. ஆகவே லினக்சிலிருந்து விண்டோசுக்கு மாறும்போது, மாலை 4 மணிக்குத் திரையில் காலை 8 மணி என்று தெரியலாம். கணினி கெட்டுவிட்டதாகப் பயப்படத் தேவையில்லை. லினக்சில் ஒரு சிறு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

எல்லாரும் இரண்டு தளங்களை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே தளத்தோடு நிறைவாக இருப்பவர்களே அதிகம். ஆனால் வேண்டும் என்று நினைப்பவருக்கு வழி திறந்திருக்க வேண்டும். 1983இல் வன்தட்டில் நான்கு அறைகள் கட்டியபோது, அறைக்குள் யாரை வைப்பது என்பதைச் சொந்தக்காரரே முடிவு செய்வார் என்பது சொல்லாமலே புரிந்த விஷயமாக இருந்தது. அதன் பிறகு அந்த உரிமையை நீதிமன்றம் ஒருமுறை எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு புதுப்பிப்பு ஒரே இரவில் அதைப் பறிக்கவும் முடிந்தது. புதிய கணினி வாங்கச் செல்வோர் விலையையும் வேகத்தையும் விசாரிப்பதோடு, இதில் வேறு தளத்தை நிறுவ முடியுமா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கேட்பவர்கள் இருக்கும் வரைதான் அந்த வாசலை யாரும் முழுமையாக அடைக்கத் துணிய மாட்டார்கள்.