வீட்டை வித்து பழைய படகு... குடும்பத்தோட கடல்ல வாழ முடியுமா? கிளம்புறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை!

வேலையை விட்டுட்டு, வீட்டைக் காலி பண்ணிட்டு, ஒரு பாய்மரப் படகை வாங்கி அதுலயே குடும்பம் நடத்துறவங்களோட வீடியோக்களை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. நீலக்கடல், டெக்ல காயும் துணி, நங்கூரம் போட்ட தீவு, சமையலறை ஜன்னல் வழியா டால்பின். பார்க்கிறப்போ, 'நாமளும் கிளம்பிடலாமா?'னு தோணும்.

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் உட்கார்ந்து இந்த வீடியோவைப் பார்க்கிறவருக்கு, கடல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் ஊர் அது. மலைமேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணி கோயில்தான் அடையாளம். ஆனால், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியின் பெரும்பரப்பு கடலுக்கு அடியில்தான் இருந்தது. காரை கிராமத்துச் செம்மண் மேடுகளில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைப்பது அதனால்தான்.

கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள்தான் படகில் வாழ முடியும் என்பதில்லை. உலகத்தில் அதிகம் பேசப்பட்ட 'படகுக் குடும்பம்' ஒரு விவசாயக் குடும்பம்தான். பழைய படகைத் தயார் செய்ய நினைக்கிற யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்களுடைய கதை.

பண்ணையை விற்ற குடும்பம்

டூகல் ராபர்ட்சன், முன்னாள் வணிகக் கப்பல் அதிகாரி. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் மாட்டுப்பண்ணை நடத்தி வந்தார். மனைவி லின், நர்ஸ். மகள் ஆன், மகன் டக்ளஸ், இரட்டைப் பையன்கள் நீல், சாண்டி. பண்ணையை விற்றுவிட்டு 'லூசெட்' என்ற 43 அடி மரப் படகை வாங்கினார்கள். அது 1922-ல் கட்டியது. வாங்கும்போதே கிட்டத்தட்ட 50 வயது.

1971 ஜனவரியில் ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள். மகள் ஆன் வழியில் பஹாமாஸில் இறங்கிக்கொண்டார். பனாமாவில் ராபின் வில்லியம்ஸ் என்ற இளைஞர் சேர்ந்துகொண்டார். 1972 ஜூன் 15, காலபகோஸ் தீவுகளுக்கு மேற்கே பசிபிக் கடல். ஓர்கா திமிங்கிலங்கள் மோதியதில் படகின் அடிப்பலகை உடைந்தது. ஓரிரு நிமிடங்களில் 'லூசெட்' மூழ்கிவிட்டது.

ஆறு பேர். காற்றடித்த ரப்பர் தெப்பம் ஒன்று, சின்னத் துடுப்புப் படகு ஒன்று. சுமார் 10 லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட், மிட்டாய், சில ஆரஞ்சு, எலுமிச்சை, ஒரு பை வெங்காயம். இவ்வளவுதான் கையில். 17-வது நாள் ரப்பர் தெப்பமும் உதவாமல் போக, ஆறு பேரும் துடுப்புப் படகுக்குள் நெருக்கியடித்துக்கொண்டார்கள். மழைநீரைப் பிடித்துக் குடித்து, ஆமைகளையும் மீன்களையும் பிடித்துச் சாப்பிட்டு 38 நாள்கள் தாக்குப்பிடித்தார்கள். ஜூலை 23 அன்று ஜப்பானிய மீன்பிடிக் கப்பலான 'டோக்கா மாரு' அவர்களைக் காப்பாற்றியது. ஆறு பேரும் உயிரோடு வந்தார்கள்.

டூகல் இந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அதோடு நிற்காமல், கடலில் தத்தளிப்பவர்களுக்காக 1975-ல் தனியாக ஒரு கையேடும் வெளியிட்டார். அந்தக் காலத்தில் சின்னப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக ஆபத்து சிக்னல் அனுப்பும் வசதி கிடையாது. இன்றைக்கு இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

நம்ம ஆளுங்க ஏற்கெனவே செஞ்சது

பழைய பாய்மரக் கப்பலைத் தயார் செய்து பெருங்கடல் தாண்டியதில் தமிழர்களுக்கும் ஒரு பெரிய கதை உண்டு. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில், வேப்பமரம் முதலான மரங்களைக் கொண்டு உள்ளூர் மேஸ்திரிகள் கட்டிய கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. சின்னப் படகில் உலகம் சுற்றி வந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்ற புதுப் பெயரோடு, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக் வழியாக ஓட்டிச் சென்றார்கள். 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள்.

இன்றைய உதாரணமும் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவோடு 'தாரிணி' என்ற 56 அடி பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார். படகில் இருந்தது இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

பழைய படகு ஏன்?

முதல் காரணம் காசு. புதுப் படகின் விலையில் சிறு பங்குக்கே பழைய படகு கிடைக்கும். இரண்டாவது காரணம் உறுதி. 1960, 70-களில் கண்ணாடியிழைப் படகு கட்டியவர்கள், அந்தப் பொருளின் பலம் சரியாகத் தெரியாமல் தாராளமாகத் தடிமன் வைத்தார்கள். அவற்றில் பல இன்றும் நன்றாக ஓடுகின்றன. 'கோல்டன் குளோப்' என்ற உலகம் சுற்றும் போட்டியில், 1988-க்கு முன் வடிவமைத்த ரகப் படகுகளுக்குத்தான் அனுமதியே. நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமி 2023-ல் இரண்டாம் இடம் பிடித்தது அப்படிப்பட்ட 36 அடி ரகத்தில்தான்.

ஆனால், விலை குறைவுனு ஏமாந்துடாதீங்க. வாங்குற விலைக்குச் சமமாகவே ரிப்பேர் செலவும் வரலாம் என்று கணக்குப் போட்டு இறங்குவதுதான் பாதுகாப்பு. சேமிப்பு மொத்தத்தையும் படகிலேயே போட்டுவிட்டால், அதைத் தண்ணீரில் இறக்கக் காசு இருக்காது.

வாங்கும் முன்: தட்டிப் பார்க்க வேண்டிய ஆறு இடங்கள்

பழைய வீடு வாங்கும்போது பொறியாளரைக் கூட்டிப்போகிற மாதிரி, படகுக்கு சர்வேயர் இருக்கிறார். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் முக்கியமாகக் கவனிப்பது இவற்றை:

1. அடிப்பகுதி: கண்ணாடியிழைக்குள் ஈரம் இறங்கினால் கொப்புளம் கொப்புளமாக வீங்கும். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல இடம் 'டிங்' எனும். ஊறின இடம் மந்தமாகச் சத்தம் தரும். மரப் படகு என்றால் பலகை இடுக்கில் அடைத்த பஞ்சும் பிசினும் சரியாக இருக்கிறதா, பலகையைப் புழு அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. கீல் போல்ட்டுகள்: படகைக் கவிழாமல் நிமிர்த்தி வைப்பது அடியில் இருக்கும் பாரமான கீல். அதைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்தால் ஒட்டுமொத்தப் படகுக்கும் ஆபத்து.

3. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள்: வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது வழக்கம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள்.

4. தண்ணீர் வால்வுகள்: கழிவறைக்கும் இன்ஜினுக்கும் கடல்நீர் வர, படகின் அடியில் ஓட்டை போட்டு வால்வு வைத்திருப்பார்கள். இதில் ஒன்று உடைந்தாலும் படகு மூழ்கும். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அந்த ஓட்டைக்குப் பொருந்தும் மரக்கட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நூறு ரூபாய் கட்டை படகையே காப்பாற்றும்.

5. சுக்கான்: ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு படகு பாருங்கள்.

6. இன்ஜின், ஒயரிங்: பாய்மரப் படகுக்கும் துறைமுகத்தில் நுழைய டீசல் இன்ஜின் வேண்டும். ஒயரிங் பழசு என்றால் முழுசாக மாற்றிவிடுவது நல்லது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடம் இல்லை.

தண்ணீர் கணக்கு

குடிக்க, சமைக்க மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குடும்பம், 30 நாள் பயணம் என்றால் 360 லிட்டர். காற்று நின்றுபோனால் பயணம் நீளும் என்பதால் பாதி கூடுதலாக, 540 லிட்டர். குளியல், துணி துவைப்பது எல்லாம் கடல்நீரில்தான்.

கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் வாங்கலாம். ஆனால், அது ரிப்பேர் ஆகும் என்று நினைத்துத்தான் தொட்டியை நிரப்ப வேண்டும். எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைக்கவும் கூடாது. ஒன்று கெட்டுப்போனாலோ ஒழுகினாலோ மற்றது கைகொடுக்கும்.

கிச்சன்ல என்ன இருக்கணும்?

படகு ஆடும்போது தானும் சேர்ந்து ஆடி, பாத்திரத்தை நிமிர்த்தியே வைத்திருக்கும் அடுப்புதான் கடலுக்கு ஏற்றது. நம் வீட்டு பிரஷர் குக்கர் அருமையான படகுப் பாத்திரம். மூடி இறுகப் பூட்டிக்கொள்வதால் கொட்டாது, கேஸும் மிச்சம்.

அரிசி, பருப்பு, புளி, வற்றல், கருவாடு எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் போனால் மாதக்கணக்கில் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும் காய்களில் வெங்காயம் முக்கியமானது. செட்டிகுளம் பக்கத்து விவசாயிகள் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கிற முறையே படகுக்கும் பாடம்: நன்றாகக் காயணும், காற்று ஓடணும், ஈரம் படக் கூடாது. வலைப்பையில் போட்டு கேபின் கூரையில் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை அழுகியதைப் பொறுக்கி எடுத்தால் போதும்.

உயிர் காக்கும் பட்டியல்: இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

* லைஃப் ராஃப்ட்: எல்லோரும் ஏறக்கூடிய அளவில், குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

* ஆபத்து அறிவிப்புக் கருவி: 'இபிர்ப்' என்று சொல்வார்கள். ஆன் செய்தால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் போகும். இந்தியாவில் அதை இஸ்ரோவின் பெங்களூரு மையம் வாங்கி மீட்புக்குழுவுக்கு அனுப்பும். உங்கள் பெயரில் பதிவு செய்திருப்பது அவசியம். 2018 போட்டியில் பாய்மரம் உடைந்து, முதுகில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்த அபிலாஷ் டோமியை, தெற்கு இந்தியப் பெருங்கடலின் நடுவே தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது இத்தகைய கருவிகளால்தான்.

* ரேடியோ: வி.ஹெச்.எஃப் சேனல் 16 எப்போதும் ஆன். இந்தியக் கரைக்குப் பக்கத்தில் போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் அழைக்கலாம்.

* இடுப்புவார்: இரவில் டெக்குக்கு வருகிற யாரும் படகோடு தங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குப் பகலிலும் இதே விதிதான். டெக்கைச் சுற்றி வலை கட்டுவது கட்டாயம்.

* அவசரப் பை: தண்ணீர், மருந்து, தூண்டில், கத்தி, டார்ச், பாஸ்போர்ட். வாசலுக்குப் பக்கத்தில் ஒரே பையில் இருக்க வேண்டும். 'லூசெட்' மூழ்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போ கிளம்புறது?

வங்கக்கடலில் புயல் அதிகம் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏப்ரல், மே மாதங்களிலும் வரும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்க வைக்கும். ஆக, நம் பக்கத்தில் அமைதியான காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப்போகும் தோணிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் காற்றைப் பார்த்துத்தான் பயணத்தை முடிவு செய்து வந்திருக்கிறார்கள்.

வேகமும் ரொம்பக் குறைவு. 35 அடிப் படகு சராசரியாக மணிக்கு 9 கிலோமீட்டர் போகும். சைக்கிளைவிட மெதுவு. தூத்துக்குடியிலிருந்து மாலேவுக்கே மூன்று நான்கு நாள் ஆகும். அத்தனை நாளும், ராத்திரி உட்பட, யாராவது ஒருவர் விழித்திருந்து கப்பல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கணவன், மனைவி இரண்டே பெரியவர்கள் என்றால் மூன்று மணிநேரம் தூக்கம், மூன்று மணிநேரம் காவல் என்று மாறி மாறி ஓட்ட வேண்டும்.

பேப்பர் வேலைகள்

படகு எந்த நாட்டில் பதிவானது என்பதற்கான சான்று, ரேடியோ உரிமம், இன்ஷூரன்ஸ் மூன்றும் தேவை. இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பல நாடுகளில் முன்கூட்டியே விசா வேண்டும் என்பதால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் போய்விட முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் அறிவிக்கப்பட்ட துறைமுகத்தில்தான் நுழைய வேண்டும். சுங்கம், குடியேற்ற முத்திரை முடிவதற்கு முன் கரை இறங்கினால் அபராதம் விழும். பிள்ளைகளின் படிப்புக்கு என்.ஐ.ஓ.எஸ் திறந்தநிலைப் பள்ளி ஒரு வழி. ஆனால், பரீட்சைக்கு மையத்துக்கு வர வேண்டியிருக்கும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்க கத்துக்கலாம்?

சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சென்னையில் பயிற்சி தருகிறது. ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டிய நேத்ரா குமணன் சென்னைப் பெண்தான். சின்னப் படகில் கற்றுக்கொண்டு, பிறகு வேறொருவரின் பெரிய படகில் உதவியாளராக ஒரு நீண்ட பயணம் போய் வாருங்கள். கடல் வாந்தி உங்களை எப்படிப் படுத்துகிறது, மூன்று மணிநேரத் தூக்கத்தில் உங்கள் குணம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் அந்தப் பயணத்தில் தெரிந்துவிடும்.

படகு வாங்கிவிட்டால் உடனே தூரதேசத்துக்குக் கிளம்பாமல், கரையைப் பார்த்தபடி ஒரு சீசன் முழுக்க ஓட்டுங்கள். வீட்டில் எல்லோரும், பிள்ளைகள் உட்பட, நான்கு விஷயங்களை ராத்திரியில் விளக்கில்லாமல் செய்து காட்ட வேண்டும்: ரேடியோவில் உதவி கேட்பது, வால்வுகளை மூடுவது, பாயை இறக்குவது, லைஃப் ராஃப்ட்டை விரிப்பது. ஒருவருக்கு மட்டும்தான் படகு ஓட்டத் தெரியும் என்றால், அவருக்கு 104 டிகிரி காய்ச்சல் வந்தால் படகே நின்றுவிடும். வீட்டில் இரண்டாவது ஆளும் தனியாகப் படகைக் கரை சேர்க்கக் கற்ற பிறகு தேதி குறியுங்கள்.