பார்ட்டிசன்: ஒரு போலிப் பழஞ்சொல்

ஸ்காட்லாந்தின் பழைய மாளிகைகளில் சுவர் மூலைதோறும், தரையைத் தொடாமல், கூம்புக் கூரையோடு ஒரு குட்டிக் கோபுரம் துருத்தி நிற்கும். அதைப் பார்ட்டிசன் என்பர். அது கோட்டைக் காலத்துக் கொத்தர்களின் சொல் என்று எழுதுவோர் இன்னும் ஓயவில்லை. 1626இல் முடிந்த கிரெய்கிவார் மாளிகையின் உச்சி முழுக்க இத்தகைய கோபுரங்கள்தாம். பொருளின் பழமையை யார் மறுத்தார்? சொல்தான் புதிது.

1800க்கு முன் எந்த அகராதியிலும் பார்ட்டிசன் இல்லை. அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வால்டர் ஸ்காட். 1808இன் ‘மார்மியன்’ காவியத்தில் டான்டாலன் கோட்டையை வருணிக்கும்போது ஆள்கிறார். பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து ஏடுகளில் ‘பெர்ட்டிசீன்’ என்று வருவது ‘பிராட்டிசிங்’ என்பதன் எழுத்துப்பிழை. ஸ்காட் அதைத் தனிச்சொல் என்று நம்பிவிட்டார். ஆக்ஸ்போர்டு அகராதியின் முடிவு இது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரேயும் ஸ்காட்லாந்துக்காரரே என்பதால் ஊர்ப்பகை என்று தள்ளவும் முடியாது. பார்பிகனோடு முடிச்சுப் போடுவோருக்கு ஒரு வரி போதும்: பார்பிகன் வாயிலுக்கு முன்னால் தரையில் நிற்கும் அரண்.

பிராட்டிசிங்குக்கு மூலமான பிராட்டிஸ் என்பது மதில் உச்சியில் வெளியே நீட்டிக் கட்டிய மரத்தட்டி. அதில் நின்று அடியில் வருபவன் தலைமேல் கல்லைப் போடலாம். நிலக்கரிச் சுரங்கங்களில் காற்றைத் திருப்பிவிடும் தடுப்புக்கு இன்றும் அதே பெயர். மரம் கல்லானபோது அதைத் தாங்கும் கல் ‘கார்பெல்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சில் அண்டங்காக்கை. முகப்புச் சுவரின் படிவரிசைக்கும் ஸ்காட்லாந்தில் காக்கைப் பெயர்தான்: ‘கார்பி’ படிகள். அங்கே கட்டடம் முழுக்கக் காக்கை.

ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ரெபெக்கா குதித்துவிடுவேன் என்று ஓடி நிற்கும் இடம் பார்ட்டிசன். கூம்புக் கூரைக்கடியில் அடைபட்டவள் எப்படிக் குதிப்பாள்? ஸ்காட்டுக்கே அது திறந்த மதில்தளம். குட்டிக் கோபுரமாகச் சுருக்கியவை பின்வந்த கட்டடக்கலை நூல்கள். பெர்ட்டிசீனின் நேர்ப்பொருளைக் காண ஸ்காட்லாந்தின் டிரம் கோட்டைக்குப் போகவேண்டும். பன்னிரண்டு அடிச் சுவரும் உருண்ட மூலைகளும் கொண்ட பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோபுரம். அதன் தலையில் பல்வரிசை மதில். அதுதான் பெர்ட்டிசீன்.

பிராட்டிசின் வேர் எது? ஜெர்மனில் பலகை ‘பிரெட்’, தட்டியோ மரம், ஆகவே அதுவே வேர் என்று ஒரு கட்சி. பலகையின் வாலில் ‘இஸ்கா’ எதற்கு? இடைக்கால லத்தீன் வடிவம் ‘பிரிட்டிஸ்கா’. பிராங்கியரின் எறிகோடரி ‘பிரான்சிஸ்கா’ ஆனதுபோல, பிரித்தானியர் கட்டும் தட்டி பிரிட்டிஸ்கா. பலகைக் கட்சியார் அந்த விகுதிக்கு விளக்கம் சொல்லும்வரை என் துணிபு இதுவே.