பத்துப் பேர்ச் நிலம்

1649 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் திகதி, லண்டனுக்குத் தென்மேற்கே சரே பகுதியில், செயின்ட் ஜோர்ஜ் குன்றின் பொதுநிலத்தில் சில ஏழைகள் மண்வெட்டியோடு ஏறினார்கள். அவர்களுக்கு முன்னின்றவர் ஜெரார்ட் வின்ஸ்டன்லி. லண்டனில் துணி வியாபாரம் செய்து நொடித்துப்போய், கொபாம் பக்கம் வந்து மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர். அரசன் முதலாம் சார்ள்ஸின் தலை விழுந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அரசனே போய்விட்டான், இனி நிலம் மட்டும் ஏன் பிரபுக்களிடம் இருக்கவேண்டும் என்பது வின்ஸ்டன்லியின் கேள்வி. அவர்கள் வாளைத் தூக்கவில்லை. பார்ஸ்னிப், கரட், அவரை விதைத்தார்கள். இந்தப் பட்டியல் அவர்களைப் பற்றி அரசுக்குப் போன முறைப்பாட்டிலேயே இருக்கிறது. என்ன பயிர் என்று கவனித்து எழுதிய அந்த ஒற்றனுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

டிகர்கள், அதாவது தோண்டுகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. ஆகஸ்ட் மாதத்துக்குள் அடியும் வழக்குமாக அங்கிருந்து துரத்தப்பட்டார்கள். கொபாமுக்கு அருகே போய் மறுபடியும் நட்டார்கள். 1650 வசந்தத்தில் அங்கும் குடிசைகள் எரிந்தன. இன்று செயின்ட் ஜோர்ஜ் குன்றில் கோல்ஃப் மைதானமும் கோடீஸ்வரர் மாளிகைகளும் இருக்கின்றன. வாயிலில் காவல்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கத் தொடங்கியது வெளி லண்டனில் எனக்கு ஒரு அலொட்மென்ட் கிடைத்த பிறகுதான். அலொட்மென்ட் என்றால் உள்ளூராட்சிச் சபை குறைந்த வாடகைக்குத் தரும் தோட்டத்துண்டு. அதற்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். இந்தச் சலுகை ஆங்கிலேயருக்கும் சும்மா கிடைத்ததல்ல. 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டமூலங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான நிலம், ஊரார் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலம், தனியார் வேலிக்குள் போனது. நிலமிழந்தவனுக்குக் கால் ஏக்கருக்கு மேற்படாத ஒரு துண்டு ஒதுக்கலாம் என்று 1845 இல் ஒரு சட்டம் சொன்னது. ஒதுக்கியது மிகச் சொற்பம். 1908 ஆம் ஆண்டுச் சட்டம்தான் கேட்பவர்களுக்குத் தோட்டத்துண்டு கொடுப்பதை உள்ளூராட்சிச் சபைகளின் கடமையாக்கியது. ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக்கொடுத்தால் சபை அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். அந்த விதி இன்றும் உண்டு. அமைச்சரின் அனுமதியின்றி இந்த நிலத்தைச் சபை விற்கக்கூடாது என்று 1925 இல் இன்னொரு சட்டம் வந்தது. லண்டனில் காணி விற்கும் விலைக்கு என் வெங்காயப் பாத்தி இன்னும் பாத்தியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு முழுத்துண்டின் வழக்கமான அளவு பத்து ரொட். ரொட், போல், பேர்ச் மூன்றும் ஒன்றே. 160 சதுரப் பேர்ச் ஒரு ஏக்கர். ஆகப் பத்துப் பேர்ச் என்பது ஏக்கரில் பதினாறில் ஒன்று, ஏறக்குறைய 253 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். இங்கிலாந்தின் ஒரு அலொட்மென்ட் சரியாக ஒரு பரப்பு! முதன்முதல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உரும்பிராயில் நாலு பரப்புத் தோட்டம் செய்த என் ஐயாவுக்கு, ஒரு பரப்புக்காக வரிசையில் நின்ற மகனை எப்படி விளங்கப்படுத்துவது? காணிக்காரர் கூடிப்போனதால் இப்போது அரைத்துண்டுதான் கொடுக்கிறார்கள். எனக்கு அரைப் பரப்பு.

அரசாங்கங்கள் வீட்டுத்தோட்டத்தை நேசிப்பது பயம் வந்தபோதுதான். முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடிக்க, போர் முடிவதற்குள் பிரித்தானியாவில் அலொட்மென்ட் துண்டுகள் 15 லட்சம் அளவுக்குப் பெருகின. 1939 ஒக்டோபரில், அடுத்த போர் தொடங்கிய மறுமாதமே, வானொலியில் மறுபடியும் அழைப்பு. 'வெற்றிக்காகத் தோண்டு' என்ற பிரசாரம் அப்படித்தான் பிறந்தது. லண்டன் கோபுரத்தின் அகழியில் மரக்கறி நட்டார்கள். ஹைட் பூங்காவில் பன்றிகூட வளர்த்தார்கள். சி. எச். மிடில்டன் என்பவர் பிபிசியில் வாராவாரம் சாதாரணப் பேச்சில் தோட்டம் சொல்லிக்கொடுத்தார். அவர் பேச்சைக் கேட்கவென்று லட்சக்கணக்கானோர் வானொலிக்கு முன்னால் குந்தியிருந்தார்கள்.

அந்தப் போரில் என்னை அதிகம் ஈர்ப்பது வெங்காயத்தின் கதை. பிரித்தானியா தின்ற வெங்காயத்தின் பெரும்பகுதி பிரெஞ்சு நாட்டின் பிரிட்டனி கரையிலிருந்தும் சானல் தீவுகளிலிருந்தும் வந்தது. பிரிட்டனியின் ரொஸ்கொஃப்பிலிருந்து வந்த வியாபாரிகள் பின்னிய வெங்காயக் கோர்வைகளைச் சைக்கிளில் தொங்கவிட்டு வீடு வீடாக விற்பார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. சில நாட்களில் சானல் தீவுகளும் விழுந்தன. வெங்காயம் காணாமல் போய்விட்டது. அலுவலகங்களில் ஒற்றை வெங்காயத்தைப் பரிசாக வைத்து அதிர்ஷ்டச்சீட்டு குலுக்கினார்கள். வெங்காயம் இல்லாமல் சமைக்கத் தெரியாத நம்மவர் ஒருவர்கூட அப்போது அங்கே ஆலோசனைக்கு இல்லாமல் போனது துரதிர்ஷ்டம். அடுத்த வசந்தத்தில் நாடு முழுக்க வெங்காயம் நட்டது.

எல்லை மூடினால் வெங்காயத்துக்கு என்ன நடக்கும் என்பதை நான் சிறுவனாகவே பார்த்தவன். 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், அந்நியச் செலாவணி இல்லாமல், மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. வலிகாமத்தின் செம்மண் திடீரென்று தங்கம் விளையும் நிலமாயிற்று. ஐயா துலாவை விட்டு இறைப்பு மெசின் வாங்கினார். வெங்காயம் பிடுங்கும் காலத்தில் கொழும்பு லொறிகள் ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் நின்று உறுமும். நாங்கள் வெங்காயம் என்றால் சிவப்புச் சின்ன வெங்காயம்தான்; பெரியதற்குப் பம்பாய் வெங்காயம் என்று வேறு பெயர். விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டக் காணிகளில் மிளகாய் போட்ட அண்ணாமார், சைக்கிளில் போய் மோட்டார் சைக்கிளில் திரும்பினார்கள்.

அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. அதே அரசாங்கம்தான் 1972 அரசியலமைப்பைச் செய்தது. ஒரே வீட்டில் மிளகாய்க் காசும் இருந்தது, எஞ்சினியராக வேண்டிய மகன் வீட்டிலிருந்து வெறித்துப் பார்த்ததும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு அந்த எழுபதுகளை விளங்கப்படுத்தாது என்பது என் எண்ணம்.

1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தன சந்தையைத் திறந்தார். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் இறங்கின. விலை விழுந்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. குமார் பொன்னம்பலம் முதலில் வந்தார், அது வியப்பல்ல. இரண்டாவதாக வந்தவர் சிறிமாவோ கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. மூன்றில் ஒரு பங்குக்கு மேலான வாக்கு! எழுபதுகளில் விவசாய அமைச்சராக இருந்தவர் அவர்தான். ஐயா யாருக்குப் போட்டார் என்று அம்மா கேட்டபோது, "வெங்காயத்துக்குப் போட்டனான்" என்றார்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது நான் இங்கே வந்துவிட்டேன். மண்ணெண்ணெய் இல்லை, யூரியா இல்லை, மெசின் மூலையில் கிடக்கிறது என்று கடிதம் வந்தது. வலிகாமம் வடக்கின் நல்ல செம்மண் பெருமளவு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. போர் முடிந்த பிறகும் அதில் இராணுவம் மரக்கறி பயிரிட்டதையும், காணிக்காரர் முகாமிலிருந்து அதையே காசுக்கு வாங்கியதையும் செய்திகளில் படித்தோம். வின்ஸ்டன்லிக்கு இது புதினமாக இருந்திராது. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்த கொழும்பு, அடுத்த ஆண்டு பஞ்சம் எட்டிப் பார்த்தபோது, அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிரிடச் சொன்னது.

என் அரைப் பரப்புக்கு வருகிறேன். லண்டன் களிமண் மார்ச் மாதத்தில் சப்பாத்தைப் பிடித்தால் விடாது. கையில் உருட்டினால் உருண்டை உதிரவேண்டும். உதிர்ந்தால்தான் நான் மண்வெட்டியைத் தொடுவேன். முட்டைப் பெட்டிகளில் முளைக்க வைத்திருந்த உருளைக்கிழங்கைப் பெரிய வெள்ளியன்று நட்டேன். அது இந்த ஊர்க் கிழவர்களின் வழக்கம். பக்கத்துத் துண்டுக்காரர் சொல்லித்தந்தது. ஷலட் விதைவெங்காயம் நாலு வரிசை. நிறத்திலும் உறைப்பிலும் எங்கள் வெங்காயத்துக்குக் கிட்ட வருவது அதுதான். நுனி மட்டும் வெளியே தெரிய ஊன்றவேண்டும். தெரிகிற நுனியைப் புழு என்று நினைத்துக் குருவிகள் இழுத்தெறியும், அதனால் மேலே வலை. ஐயாவின் பாத்தியில் வலை இல்லை, காகம் கலைக்க நான் இருந்தேன்.

பெப்ரவரியில் போட்ட மிளகாய் நாற்று சமையலறை யன்னலில் ஆறு இலையோடு நிற்கிறது. மே நடுப்பகுதி வரை உறைபனி வரலாம் என்பதால் ஜூனுக்கு முன் அதை வெளியே இறக்கமாட்டேன். இங்கே பிறந்த மகள் போன ஞாயிறு வந்து வரிசையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது எப்ப உங்கட சொந்தமாகும்?" என்று கேட்டாள். ஆகாது, வாடகை கட்டுமட்டும் நடலாம் என்றேன். அவள் குனிந்து வலையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, முளை வராத ஏழு இடங்களை எண்ணிச் சொன்னாள். மிச்சம் வைத்திருந்த விதைவெங்காயத்தை அந்த ஏழு குழியிலும் ஊன்றினோம்.