இணையத்தின் புறம்போக்கு

2007 நவம்பர் 1 அன்று, இணையப் பெயர்களின் வேராக இருக்கும் 13 ரூட் சர்வர்களில் ஒன்றான 'எல்' சர்வரின் முகவரி 198.32.64.12 என்பதிலிருந்து 199.7.83.42 ஆக மாறியது. அதை நடத்தும் ஐகான் அமைப்பு, பழைய எண்ணைத் தேடி வருபவர்களுக்காக அதன் பிறகும் ஆறு மாதம் அங்கே பதில் சொல்லிவந்தது. ஆனால் பழைய எண் இருந்த தொகுதி ஐகானுடையது அல்ல. 1990-களில் இணையப் பரிமாற்ற மையங்களுக்காக வேறொருவர் பொறுப்பில் விடப்பட்ட தொகுதி அது. 2008 மே மாதவாக்கில், அந்தப் பழைய எண் தங்களிடம் இருப்பதாக அறிவித்து, ரூட் சர்வரைப் போலவே பதில் தரும் வேறு கணினிகளும் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அவை தந்த பதில்கள் சரியாக இருந்தன என்பதே ஆறுதல். தவறாக இருந்திருந்தால், எந்தப் பெயருக்கு எந்த இடம் என்று கேட்டவர்கள் வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். இணையத்தின் அடித்தளத்துக்கென முகவரிகளை ஒதுக்கிவைக்கும் விதிகள், முகவரிப் பஞ்சத்தால் பிறந்த சிக்கன ஏற்பாடு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. அந்த விதிகள் பஞ்சத்துக்குப் பத்தாண்டு மூத்தவை. அடித்தளத்தில் இருப்பவர் இன்னொருவர் வீட்டில் குடியிருக்கக் கூடாது என்பதற்காகவே அவை எழுதப்பட்டன.

1990-களின் நடுவில் உண்மையான தட்டுப்பாடு ரவுட்டர்களின் நினைவகத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு சிறு தொகுதியும் தனித்தனியாக அறிவிக்கப்பட்டதால் வழிப் பட்டியல் வீங்கிக்கொண்டே போனது. அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் நிறுவனம், புதிதாக வழங்கப்பட்ட எண் வரிசைகளில் 8,192 முகவரிகளுக்குக் குறைவான தொகுதிகளின் அறிவிப்பை ஏற்பதில்லை என்று கதவை அடைத்தது. முகவரிகளை வழங்கும் பதிவகங்கள் 1996-இல் கூட்டாக வகுத்த நெறிகளும் இதே திசையில்தான் போயின: பெரிய சேவை நிறுவனங்கள் பதிவகத்திடம் நேரே வாங்கட்டும், சிறியவர்கள் தங்கள் சேவை நிறுவனத்திடமிருந்து ஒரு துண்டைப் பெற்றுக்கொள்ளட்டும். பெரும்பாலோருக்கு இது நியாயமான ஏற்பாடுதான். சேவை நிறுவனத்தை மாற்றினால் முகவரிகளையும் மாற்ற வேண்டும். தொல்லைதான், ஆனாலும் முடிகிற வேலை.

ரூட் சர்வருக்கு அது முடியாது. அதற்குத் தேவை ஒரே ஒரு முகவரி. அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அதைவிடச் சிறிய வாடிக்கையாளர் இல்லை. அந்த ஒரே எண்ணோ, உலகெங்கும் பெயர்களைத் தேடித்தரும் சர்வர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஜே' சர்வரே சான்று. 2002 நவம்பரில் அதன் முகவரி மாறியது. 13 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும் பழைய எண்ணுக்குக் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. பரிமாற்ற மையத்தின் கதை வேறு. போட்டியாளர்களான சேவை நிறுவனங்கள் ஒரே ஸ்விட்சில் வந்து இணையும் இடம் அது. அந்தப் பொதுமேடையின் முகவரிகள் அவர்களில் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தால் அது பொதுமேடையே அல்ல. சிறியவர் என்பதால் பெரியவரிடம் வாங்கிக்கொள் என்ற விதி இந்த இரண்டு இடங்களிலும்தான் உடைந்தது. இவற்றுக்கெனத் தனி விதி வருமுன் கையால் போட்ட ஒட்டுகளே இருந்தன. அடிக்கடி தடுமாறும் வழிகளுக்குத் தண்டனை அளிக்கும் முறையிலிருந்து ரூட் சர்வர்களின் தொகுதிகளுக்கு விலக்குத் தரும்படி, 'பொன் வலைகள்' என்றொரு பட்டியலை ஐரோப்பியப் பொறியாளர்கள் பரிந்துரைத்தார்கள். நல்ல மனமுள்ளவர்கள் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வரை அது செல்லும்.

வட அமெரிக்கப் பதிவகமான அரினில் 2001-இல் முன்மொழியப்பட்ட 'நுண் ஒதுக்கீடு' விதி இதை எழுத்தில் கொண்டுவந்தது. பொதுப் பரிமாற்ற மையங்கள், டொமைன் அமைப்பின் மையச் சர்வர்கள், பதிவகங்கள், உலக எண்களின் தலைமைக் கணக்கை வைத்திருக்கும் ஐயானா ஆகியவை 256 முகவரிகள் கொண்ட சிறு தொகுதியையும் நேரடியாகப் பெறலாம். இந்த விதியில் எனக்கு முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத ஒரு வரி: பரிமாற்ற மையங்களுக்கான தொகுதிகள் அவற்றுக்கென்றே பிரித்த எண்வரிசையிலிருந்து வர வேண்டும், மற்றவை வேறொரு வரிசையிலிருந்து வர வேண்டும், இரண்டு பட்டியல்களும் வெளிப்படையாக இருக்க வேண்டும். மந்தைவெளியும் ஏரியும் கிராமக் கணக்கில் புறம்போக்கு என்று தனியே பதிவாவது போலத்தான் இதுவும். இன்ன எண் இன்ன வேலைக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தால், எதை ஏற்பது, எதைத் தடுப்பது என்று ஒவ்வொரு பொறியாளரும் தானே முடிவு செய்யலாம். டொமைன் சர்வரின் தொகுதியை உலகமே ஏற்க வேண்டும். பரிமாற்ற மையத்தின் உள்முகவரிகளையோ வெளியே அறிவிக்கவே தேவையில்லை. 2013 மார்ச்சில் குப்பை அஞ்சலை எதிர்க்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பைக் குறிவைத்த பெருந்தாக்குதல், லண்டன் பரிமாற்ற மையம் உள்ளிட்டவற்றின் உள்முகவரிகள் மீதும் திரும்பியபோது, அவற்றை வெளியே தெரியவிட்டதன் விலை புரிந்தது.

2002 அக்டோபரில் 13 ரூட் சர்வர்களும் ஒரே நேரத்தில் தாக்கப்பட்ட பிறகு, ஒரே முகவரியைப் பல ஊர்களிலிருந்து அறிவிக்கும் முறை பரவியது. 2005-இல் சென்னைக்கு வந்த 'எஃப்' ரூட் சர்வரின் பிரதி, அமெரிக்காவில் உள்ள 'எஃப்' அறிவிக்கும் அதே எண்ணைத்தான் இங்கும் அறிவிக்கிறது. 256-ஐவிடச் சிறிய தொகுதியைப் பெரும்பாலான வலைகள் ஏற்பதில்லை என்பதால், ஒரு முகவரிக்காக 256-உம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வீண் என்று தோன்றலாம். அப்படி வீணாகும் மொத்தம் எவ்வளவு என்று பார்த்தால் அந்த வருத்தம் நிற்காது.

2011 பிப்ரவரி 3 அன்று ஐயானாவின் கையிருப்பு தீர்ந்து, கடைசி ஐந்து பெருந்தொகுதிகள் ஐந்து பதிவகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அப்போதுதான் ஒதுக்கீட்டுக்கென ஒரு பகுதியைப் பூட்டிவைக்கும் பேச்சு வந்தது. அரின் 65,536 முகவரிகளைத் தனியே எடுத்துவைத்தது. பின்னர் அதை இரட்டிப்பாக்கியது. ஐரோப்பாவின் ரைப் பதிவகமும் பரிமாற்ற மையங்களுக்கு அதே 65,536-ஐ ஒதுக்கி, 2019-இல் இரட்டிப்பாக்கியது. ஐபிவி4-இன் 429 கோடி முகவரிகளில் முதல் ஒதுக்கீட்டின் பங்கு 65,536-இல் ஒன்று.

எது முக்கியம் என்று யார் தீர்மானிப்பது என்பது வலுவான மறுப்பு. மருத்துவமனையும் மின்வாரியமும் வங்கியும் முக்கியமில்லையா? மனிதருக்கு அவைதான் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் விதி கேட்பது வேறு கேள்வி: இது நின்றால் மற்றவர்கள் ஒருவரையொருவர் அடைய முடியுமா? வங்கியின் வலைத்தளம் நின்றால் வங்கி நிற்கும். பெயர்களின் வேர் நின்றால் வங்கியைத் தேடும் வழியே நிற்கும். உரிமையாளரின் மதிப்பை வைத்து அளந்திருந்தால், செல்வாக்குள்ளவர் எல்லோரும் 'முக்கியம்' ஆகி, அந்த ஒதுக்கீடு ஓராண்டு தாங்கியிருக்காது. புதிய டொமைன் விகுதிகள் ஆயிரத்துக்கும் மேல் வரவிருந்தபோது அரின் கோட்டை இன்னும் உள்ளே தள்ளிப் போட்டது: ஒரு புதிய விகுதிக்கு 512 முகவரிகள் வரை கேட்கலாம், ஆனால் ஒதுக்கிய பங்கிலிருந்து அல்ல. வணிகப் பெயர் விற்பவரையும் ஒரு நாட்டின் பெயர் விகுதியை நடத்துபவரையும் ஒரே தட்டில் வைக்க மறுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சந்தையில் வாங்கிக்கொள்ளட்டுமே என்கிறார்கள் வேறு சிலர். வாங்கிய தொகுதிக்கு முன்வாழ்க்கை உண்டு. குப்பை அஞ்சல் அனுப்பியதற்காகப் பல வலைகளில் தடைசெய்யப்பட்டதாகவும் இருக்கலாம். புதிதாகப் பரிமாற்ற மையம் தொடங்குபவர் கையில் காசில்லாத சங்கமாகவோ பல்கலைக்கழகமாகவோ இருக்கலாம். ஐபிவி6 வந்தால் எல்லாம் தீரும் என்ற வாதமும் நிற்கவில்லை: எண்களுக்குப் பஞ்சமே இல்லாத ஐபிவி6-லும் பதிவகங்கள் பரிமாற்ற மையங்களுக்குத் தனி வரிசை பிரித்தே வைத்திருக்கின்றன. ஒதுக்கீட்டின் காரணம் பற்றாக்குறை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆக்கிரமிப்பு நடக்கும் என்ற அச்சத்தில் மட்டும் உண்மை இருக்கிறது. பரிமாற்ற மையம் என்று பெயர் வைத்து எண் வாங்குவது எளிது. அதனால்தான் அரின், குறைந்தது இரண்டு பங்கேற்பாளர் என்றிருந்ததை மூன்றாக்கியது. இருவர் மட்டும் இணைவது பொதுமேடை அல்ல, இருவருக்கிடையே ஒரு கம்பி. ரைப் 2023-இல் வந்த முன்மொழிவின்படி, புதிய மையத்துக்கான வழக்கமான அளவை 64 முகவரிகளாகச் சுருக்கியது. உள்முகவரிகள் வெளியே அறிவிக்கப்படாததால் 256 என்ற வரம்பு அங்கே தடையில்லை.

சேவை நிறுவனத்தைச் சாராமல் இருக்க வழி கிடைத்தாயிற்று. பதிவகத்தையே சார்ந்திருப்பதற்கு இந்த விதிகளில் பதில் இல்லை. ஆப்பிரிக்கப் பதிவகமான ஆஃப்ரினிக், 2021 முதல் வழக்குகளில் சிக்கி வங்கிக் கணக்குகள் முடங்கி, 2023-இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. அதே 2023 நவம்பர் 27 அன்று, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்தும் 'பி' ரூட் சர்வர், அரின் தந்த முகவரியை விட்டு லத்தீன் அமெரிக்கப் பதிவகமான லாக்னிக் தந்த 170.247.170.2-க்கு மாறியது. அதுவரை எந்த ரூட் சர்வரும் லாக்னிக்கின் எண்ணில் இருந்ததில்லை. எல்லா வேர்களும் ஓரிரு பதிவகங்களின் எண்களையே நம்பியிருக்க வேண்டாம் என்பதுதான் அந்த மாற்றத்துக்கு அவர்கள் சொன்ன காரணம்.