பேரப்பிள்ளையின் முதல் ரைபிள்

அமெரிக்கக் கிராமப்புறக் குடும்பங்களில் பேரப்பிள்ளைக்கு முதன்முதலில் எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது என்ற கேள்விக்கு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாவைக் கையால் இட்டுச் சுடவேண்டிய .22 ரைபிளே நெடுங்காலமாக வழக்கமான விடையாக இருந்துவந்துள்ளது. இவ்வெண் குழலின் விட்டத்தை அங்குலக் கணக்கில் குறிப்பது. அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் கைத்துப்பாக்கிக்காகக் கொண்டுவந்த .22 தோட்டா, தீமூட்டும் மருந்தைத் தன் அடிவிளிம்புக்குள் அடக்கியிருந்தது. மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887இல் அதன் நீண்ட வடிவை உருவாக்கியபோது, மலிவும் மென்மையான பின்னுதைப்பும் துல்லியமும் ஒருங்கே வாய்த்தன.

ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பில் வெளிவந்த வின்செஸ்டர் 1900, ஒற்றைத் தோட்டா இடும் இவ்வகை ரைபிளுக்கு நல்ல சான்று. ஏறக்குறைய 1.25 கிலோ எடையே கொண்ட அத்துப்பாக்கியில், தோட்டாவை இட்டு அடைத்த பின்னும், பின்முனைக் குமிழைத் தனியே இழுத்தாலன்றி விசை வேலை செய்யாது. விலையைக் குறைக்கக் கருதிய எளிமையே அவசரக் கைக்குத் தடையாகவும் அமைந்தது எனலாம்.

இதற்கும் முந்தைய படியாக விளங்கியது காற்றுத்துப்பாக்கி. மிச்சிகனின் பிளிமத் ஊரில் காற்றாலை விற்ற நிறுவனமொன்று, 1880களின் இறுதியில், காற்றாலை வாங்கிய உழவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்க, இனாமின் புகழ் சரக்கையே விழுங்கிவிட்டது. 1895இல் அந்நிறுவனம் தன் பெயரையே அத்துப்பாக்கியின் பெயரான டெய்சி என்று மாற்றிக்கொண்டது.