எந்தக் கிணற்றை முதலில் சோதிப்பது? சேலம்–நாமக்கல் சமவெளியில் ஃப்ளோரைடு முன்கணிப்பின் பயனும் எல்லையும்

நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு பற்களைக் கறையாக்கி எலும்பை முடக்குவதை, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட்டும் அவருடைய குழுவினரும் 1937-லேயே பதிவுசெய்தனர். 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிறுவனத்து ஜோயல் போட்கோர்ஸ்கியும் இந்திய ஆய்வாளர்களும் சுமார் 12,600 நீர் அளவீடுகளை மண், தட்பவெப்பம், புவியமைப்புத் தரவுகளோடு இணைத்து, 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்னும் இயந்திரக் கற்றல் முறையில் நாடு முழுமைக்கும் ஒரு வரைபடம் வெளியிட்டனர். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் வாய்ப்பை அது இடவாரியாகக் காட்டுகிறது. சுமார் 12 கோடிப் பேர் ஆபத்துக்கு உட்பட்டவர்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. இத்தகைய வரைபடம் எங்கே முதலில் சோதிப்பது என்பதைச் சொல்லத் தகுதியானது; ஒரு கிணற்றின் நீரைக் குடிக்கலாம் என்று சான்று தர அதற்குத் தகுதியில்லை. இதுவே என் வாதம்.

காரணம் இந்தச் சமவெளியின் பாறையிலேயே இருக்கிறது. சேலமும் நாமக்கல்லும் நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகளின் மேல் அமைந்தவை. அவற்றிலுள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு கசிகிறது. கால்சியம் குறைந்த காரநீரில் அது கரைந்தே தங்கிவிடுகிறது. இங்கே நீர் மணற்படுகைபோல எங்கும் பரவியிருப்பதில்லை, பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு (போர்) போடும்போது, கம்ப்ரசர் காற்றோடு பறக்கும் கல்தூள் திடீரென்று ஈரமாவதைப் பார்த்துத்தான் ஊற்று எத்தனை அடியில் இருக்கிறதென்று தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்து போர் வேறு வெடிப்பைத் தொட்டால் நீரும் வேறாகலாம். ஒரு கிலோமீட்டர்க் கட்டத்துக்கு ஒரே எண் தரும் வரைபடத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

வரைபடத்தைத் தந்த கணிப்பு மாதிரியின் துல்லியம் நன்றாகத்தானே சோதிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம். எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. இத்துறையில் தரவை ஆங்காங்கே உருவியெடுத்துச் சோதிப்பது பரவலான வழக்கம். அப்படிச் செய்தால் சோதனைக் கிணற்றின் அண்டைக் கிணறு பயிற்சித் தரவிலேயே இருந்துவிடும். மாதிரி பாறையைக் கற்காமல் அண்டையைப் பார்த்தே விடை சொல்லிவிடும். நாமக்கல் மாவட்டத்து ராசிபுரம் வட்டம் முழுவதையும் ஒதுக்கிவைத்து, மற்ற வட்டங்களை மட்டும் கற்பித்து, பிறகு ராசிபுரத்தைக் கணிக்கச் சொல்வதே நேர்மையான சோதனை. நலவியல் பக்கத்தில், கணிப்புக்கும் நோய்க்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊரில் போர்த் தண்ணீர் வயலுக்கும் மாட்டுக்கும் போகக்கூடும். ஆபத்துப் பகுதியில் வசிப்பவர்களின் எண்ணிக்கையை நோயாளிகளின் எண்ணிக்கையாகப் படிக்கவே கூடாது.

ஒவ்வொரு கிணற்றையும் சோதிக்கப் பணமும் ஆளும் எங்கே என்பது வலுவான மறுப்பு. வரைபடம் உண்மையில் உதவும் இடமும் அதுதான். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தர வழி செய்யப்பட்டிருக்கிறது. சில துளி வினைப்பொருள் விட்டு, நீரின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். அவர்கள் எந்தப் பகுதியில் தொடங்குவது என்பதை முன்கணிப்பு சொல்லட்டும். ஆனால் எச்சரிக்கை வரம்பை வழக்கம்போல இருவகைப் பிழைகளையும் சமமாகப் பாவித்து வைக்கக் கூடாது. பொய் எச்சரிக்கையால் வீணாவது ஒரு சோதனை. பொய்யான நிம்மதியால் கெடுவது எட்டு வயதுக்குள் உருவாகிவரும் நிரந்தரப் பற்கள், அந்தக் கேடு மீளாதது. ஆகவே வாய்ப்பு ஐம்பது விழுக்காட்டுக்கும் வெகுகீழே இருக்கும் கட்டங்களும் சோதனைப் பட்டியலில் வர வேண்டும். அங்கே கிடைக்கும் அளவீடுகள், கிணற்றின் ஆழத்தோடு சேர்த்து, மாதிரியைத் திருத்தத் திரும்பிச் செல்ல வேண்டும்.