வரவு நிகழ்ச்சிக்கு, பற்று யாருக்கு? பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் +1 அலைவரிசைகளும் பார்வையாளர் கணக்கும்

2017 ஆகஸ்ட் 29 அன்று இரவு எட்டு மணிக்கு ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ சேனல் 4இல் முதன்முறையாக ஒளிபரப்பானது. அதுவரை பிபிசியில் ஓடிய சமையல் போட்டி அது. கைமாறிய பிறகு எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதே அந்த வாரப் பேச்சு. மறுநாள் காலை இரண்டு எண்கள் வந்தன. சேனல் 4இல் மட்டும் சராசரியாகச் சுமார் 58 லட்சம் பேர். அதே நிகழ்ச்சியை ஒரு மணிநேரம் கழித்துக் காட்டிய சேனல் 4+1ஐயும் சேர்த்தால் சுமார் 65 லட்சம். விளம்பரதாரருக்கும் பத்திரிகைக்கும் எந்த எண் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏழு லட்சம் யாருடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதை நிகழ்ச்சியின் எண்ணிக்கையோடு கூட்டுவதில் பிழையில்லை என்பதே என் கருத்து. பிழை வேறிடத்தில் இருக்கிறது. +1 அலைவரிசை தரும் பார்வை நிகழ்ச்சியின் வரவாக எழுதப்படுகிறது. அந்தப் பார்வை எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அங்கே பற்று எழுதப்படுவதில்லை. எடுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் போட்டி நிறுவனம் அல்ல, அதே நிறுவனத்தின் அடுத்த ஒரு மணிநேரம்.

+1 அலைவரிசைகளின் பிறப்புக்குப் பெரிய கொள்கைக் காரணம் எதுவும் கிடையாது. 1998இல் பிரிட்டனில் எண்முறை ஒளிபரப்பு தொடங்கியபோது இடம் தாராளமாகக் கிடைத்தது. நிரப்ப நிகழ்ச்சிகள்தான் இல்லை. இருப்பதையே ஒரு மணிநேரம் தள்ளி மறுபடி ஓட்டுவது எல்லாவற்றையும்விட மலிவு. ஐடிவி2+1 2006இல் வந்தது; சேனல் 4+1 2007 ஆகஸ்டில்; டேவ் அலைவரிசை தன் நகலுக்கு, ஏற்கெனவே கண்டதுபோன்ற உணர்வைக் குறிக்கும் ‘தேஜா வூ’வை ஒட்டி, ‘டேவ் ழா வூ’ என்று பெயரிட்டுக் கொஞ்சம் விளையாடியது. முதன்மை ஐடிவியின் நகல் 2011 ஜனவரிவரை வரவில்லை. அந்தத் தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

தொலைக்காட்சியைத் தனித்தனி நிகழ்ச்சிகளாக அல்ல, இடைவிடாத ஓட்டமாகப் பார்க்க வேண்டும் என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதினார். நிகழ்ச்சி, விளம்பரம், முன்னோட்டம், அறிவிப்பாளர் குரல் எல்லாம் ஒன்றையொன்று தொட்டு ஓடுவது அது. 2001இல் வந்த ஸ்கை பிளஸ் பதிவுப்பெட்டியும் 2007 டிசம்பரில் வந்த பிபிசி ஐபிளேயரும் அந்த ஓட்டத்தை வெட்டி நிகழ்ச்சியை மட்டும் கையில் கொடுத்தன. +1 அப்படி வெட்டுவதில்லை. ஓட்டம் முழுவதையும், விளம்பரங்களோடு, அப்படியே நகர்த்தி வைக்கிறது. வணிக அலைவரிசைகள் இதை விரும்பியது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை: பதிவுப்பெட்டியில் விளம்பரத்தைத் தாண்டி ஓடலாம், +1இல் முடியாது.

எண்ணும் முறையும் இதற்கு ஒத்துழைத்தது. பிரிட்டனில் பார்வையாளர் எண்ணிக்கையை அளப்பது 1981இல் அமைக்கப்பட்ட பார்ப் நிறுவனம். மாதிரி வீடுகளில் கருவி பொருத்தி, யார் எந்த நிமிடம் எதைப் பார்த்தார் என்று பதிவு செய்து, அதை நாடு முழுமைக்கும் பெருக்குவார்கள். எட்டு மணி நிகழ்ச்சியைப் பதிவு செய்து ஒன்பதுக்குப் பார்த்தால் அது ‘அதே நாள் பதிவுப் பார்வை’. ஒன்பதுக்கு +1இல் பார்த்தாலோ அது நேரலைப் பார்வை. சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கருவியின் பாடுதான் திண்டாட்டம்: ஒலியை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டையும் பிரிக்க வழியில்லை, ஏனென்றால் ஒலி ஒன்றே, அலைவரிசைக்கென்று தனி அடையாளம் ஏதாவது அதற்குள் பொதிந்திருக்க வேண்டும்.

இனி கூட்டலுக்கு வருவோம். ‘ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுகிறார்கள்’ என்ற புகார் அடிக்கடி கேட்கிறது. சராசரிப் பார்வையாளர் கணக்கைப் பொறுத்தவரை அது பொருந்தாது. ஒன்பது முதல் பத்துவரை ஓடும் நாடகத்துக்கு ஒருவர் இருபது நிமிடம் தாமதமாக வருகிறார். முதன்மை அலைவரிசையில் கடைசி நாற்பது நிமிடம் பார்க்கிறார். பத்து மணிக்கு +1க்கு மாறி, தவறவிட்ட முதல் இருபது நிமிடத்தையும் பார்த்துவிட்டு எழுந்துபோகிறார். அங்கே அறுபதில் நாற்பது, இங்கே அறுபதில் இருபது. கூட்டினால் சரியாக ஒரு பார்வையாளர். சராசரி என்பது பார்த்த நிமிடங்களை நிகழ்ச்சியின் நீளத்தால் வகுத்த எண் என்பதால், கூட்டல் இங்கே நேர்மையாகவே நடக்கிறது. எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற கணக்கில் மட்டும் அந்த ஆளை ஒருமுறைதான் எண்ண வேண்டும். அலைவரிசை வாரியாக எடுத்துக் கூட்டினால் இருவராகிவிடுவார்.

உண்மையான சிக்கல் பங்கில் இருக்கிறது. பங்கு என்பது அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன் இருந்த எல்லோரிலும் இத்தனை சதவீதம் என்ற எண். எட்டு மணிக்கு இருந்த கூட்டமும் ஒன்பதரை மணிக்கு இருந்த கூட்டமும் ஒன்றல்ல. பகுதி வேறுபடும் இரண்டு பின்னங்களைத் தொகுதியை மட்டும் பார்த்துக் கூட்டக் கூடாது என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். ‘+1 உட்பட இத்தனை சதவீதப் பங்கு’ என்ற செய்திக்குறிப்பைப் பார்த்தால் இந்த விதியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

பேக் ஆஃபின் அன்றைய நீளம் ஒன்றேகால் மணிநேரம், எட்டு முதல் ஒன்பதேகால்வரை. ஆகவே +1இல் அது தொடங்கியபோது முதன்மை அலைவரிசையில் இன்னும் பதினைந்து நிமிடம் பாக்கி. பிறகு ஒன்பதேகால் முதல் பத்தேகால்வரை, சேனல் 4 தன் அடுத்த நிகழ்ச்சிகளைக் காட்டிய நேரம் முழுவதும், அதன் மிகப்பெரிய வெற்றி பக்கத்து எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிகழ்ச்சியின் பார்வையாளர்களில் கணிசமானோர் அதே அலைவரிசையின் அடுத்த நிகழ்ச்சிக்கும் தங்கிவிடுகிறார்கள் என்று குட்ஹார்ட், எரென்பெர்க், காலின்ஸ் மூவரும் 1975இல் வெளியிட்ட நூலில் காட்டினார்கள். நிகழ்ச்சி அட்டவணை போடுகிறவர்களின் தொழிலே இந்தத் தங்கலை நம்பித்தான் நடக்கிறது: பெரிய நிகழ்ச்சியின் பின்னால் புதியதை வைப்பார்கள், இரண்டு பெரியவற்றின் நடுவே பலவீனமானதைச் செருகுவார்கள். +1 அந்தத் தங்கலை அரிக்கிறது. வெற்றி எவ்வளவு பெரிதோ அரிப்பும் அவ்வளவு. ஆனால் அடுத்த நிகழ்ச்சி குறைந்த எண்ணிக்கை பெற்றால் தோல்வி என்று எழுதப்படுவது அந்த நிகழ்ச்சியின் பெயரில்தான்.

நம்மூரில் இரவுத் தொடரை மறுநாள் பகலில் அதே அலைவரிசை மறுஒளிபரப்பும்போது இந்தக் குழப்பம் வருவதில்லை. அந்த நேரம் அதே அட்டவணைக்குள் இருப்பதால் வரவும் பற்றும் ஒரே ஏட்டில் விழுகின்றன.

இந்த அரிப்பை நிறுவனங்கள் அறியாமல் இருந்தன என்று சொல்ல முடியாது. ஐடிவியின் பெரும்பகுதியை நடத்திய கார்ல்டனும் கிரனாடாவும் 2003இல் இணைய அனுமதி பெற்றபோது, விளம்பரச் சந்தையில் அவை ஆதிக்கம் செலுத்தாதிருக்க ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. ஐடிவி1இன் விளம்பரப் பார்வைப் பங்கு குறைந்தால், விளம்பரதாரர் தம் செலவில் அதற்கு ஒதுக்கும் பங்கையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். அந்த நிபந்தனையில் ‘ஐடிவி1’ என்பது முதன்மை அலைவரிசையை மட்டும் குறித்தது. அப்போது +1 தொடங்கினால், அது இழுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பார்வையும் ஐடிவி1இன் குறைவாகவே பதிவாகும், பணமும் குறையும். 2010இல் போட்டி ஆணையம் நிபந்தனையைத் தொடரவிட்டு, வரையறையை மட்டும் விரித்து, நேரம் தள்ளிய ஒளிபரப்பையும் உயர்தெளிவு ஒளிபரப்பையும் ஐடிவி1இல் சேர்த்தது. அடுத்த ஜனவரியில் ஐடிவி1+1 வந்துவிட்டது. துணை அலைவரிசைக்கு 2006லேயே நகல் எடுத்தவர்கள் முதன்மைக்கு மட்டும் நான்காண்டுக்கு மேல் காத்திருந்ததை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: நகல் மூலத்தைத் தின்னும் என்று அவர்களே கணித்திருந்தார்கள்.

பிபிசியின் அனுபவம் இதன் மறுபக்கம். பிபிசி த்ரீ அலைவரிசையை இணையத்துக்கு மாற்றும் திட்டத்தோடு பிபிசி ஒன்+1 தொடங்கவும் அது அனுமதி கேட்டது. 2015 நவம்பரில் அதன் அப்போதைய மேற்பார்வை அமைப்பான பிபிசி டிரஸ்ட் முன்னதை ஏற்றுப் பின்னதை மறுத்தது: பொதுப்பயன் சொற்பம், வணிக அலைவரிசைகளுக்குப் பாதிப்பு உண்டு. ஐபிளேயர் இருக்கும்போது யாருக்காக இந்த நகல் என்ற கேள்விக்கு பிபிசியிடம் வலுவான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நகர்த்தப்பட்ட ஓட்டம் சில விநோதங்களையும் உடன் நகர்த்துகிறது. நேரலைப் போட்டிகளில் ‘நீங்கள் +1இல் பார்த்தால் வாக்களிக்காதீர்கள், வாக்கு சேராது, கட்டணம் மட்டும் போகும்’ என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள் இரவு ஒன்பதுக்கு மேல் காலை ஐந்தரைவரைதான் என்ற விதியில், இரவு எல்லை +1ஐத் தொடுவதில்லை; விடியல் எல்லை தொடும். ஐந்து மணிக்குக் காட்டியது நகலில் ஆறு மணிக்கு வரும்.

ஒரு மறுப்பைச் சந்திக்க வேண்டும். ‘+1 இல்லாவிட்டால் அந்த ஏழு லட்சம் பேர் பதிவு செய்திருப்பார்கள், அல்லது பார்த்திருக்கவே மாட்டார்கள், அடுத்த நிகழ்ச்சிக்குத் தங்கியிருப்பார்கள் என்று எப்படிச் சொல்வது?’ நியாயமான கேள்வி. எட்டு மணிக்கு எதிரணியில் வேறொன்றைப் பார்த்துவிட்டு ஒன்பதுக்கு வந்தவர்களும் அந்த ஏழு லட்சத்தில் இருப்பார்கள். அவர்கள் சேனல் 4க்குச் சுத்த வரவு. பத்திரிகைகளில் வரும் வார அட்டவணைகளைக் கொண்டு இந்த வகைகளைப் பிரிக்க முடியாது. ஆனால் மாதிரி வீடுகளின் நிமிட வாரிப் பதிவில் பிரிக்கலாம். நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து நகல் முடியும்வரை உள்ள முழு நேரத்தையும் ஒரே அலகாக எடுத்து, முதன்மையும் நகலும் சேர்ந்து ஈட்டிய மொத்தப் பார்வையை, ஒரு நிமிடத்தில் ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணி, அளந்தால் போதும். அதில் +1 இல்லாத காலத்தைவிட உயர்வு தெரிந்தால் +1 ஈட்டியது. தெரியாவிட்டால் இடம் மாற்றியது.

இந்த அளவீட்டைத் தொடங்க ஐடிவியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அதன் ஒன்பது மணி நாடகம் முடிந்து பத்து மணிக்குச் செய்தி தொடங்கும். உச்ச நேரத்தில் செய்தி தருவது அதன் உரிமக் கடமை. 2011 ஜனவரிக்குப் பிறகு அந்தச் செய்திக்கு நேர் எதிரே, ஐடிவியின் சொந்த நாடகமே +1இல் ஓடத் தொடங்கியது. அந்த நாளுக்கு முந்தைய ஓராண்டின் பத்து மணிப் பதிவுகளையும் பிந்தைய ஓராண்டின் பதிவுகளையும், நாடகம் ஓங்கிய இரவுகள், சோர்ந்த இரவுகள் என்று பிரித்து ஒப்பிட வேண்டும். நாடகம் ஓங்கிய இரவுகளில் செய்திக்குத் தங்கியோர் விகிதம் முன்னைவிடக் குறைந்திருந்தால், நாடகத்தின் வரவில் ஒரு பகுதியைச் செய்தியின் பற்றாக எழுதியாக வேண்டும்.